உப்புப் போட்ட பாவுக் கஞ்சி

இட்லி என்றால் இட்லிதானே, எந்த ஊருக்குப் போனாலும் அது வெள்ளையாகத்தானே இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்த வயது அது. அறுபதுகளின் நடுவில் பினாங்கிலிருந்து கப்பலில் வந்து, மெட்ராஸில் இறங்கி, பஸ் பிடித்துக் காஞ்சிபுரம் வந்து சேர்ந்தேன். மறுநாள் காலையில் அத்தை என் இலையில் ஒன்றை வைத்தாள். பழுப்பு நிறம், டம்ளரிலிருந்து கவிழ்த்த உருவம், உடம்பெல்லாம் ஒன்றிரண்டாக உடைத்த மிளகு. சுக்கும் பெருங்காயமும் நல்லெண்ணெயும் சேர்ந்து ஒரு நெடி வந்தது. எங்கள் வீட்டில் பிரசவம் ஆனவர்களுக்குக் கொடுக்கும் லேகியத்தில்தான் அப்படி ஒரு நெடியை அதற்கு முன் முகர்ந்திருக்கிறேன்.

மருந்தா என்று கேட்டுவிட்டேன். இட்லி என்றாள் அத்தை. அவள் முகம் சுண்டிவிட்டது. வந்து ஒரு ராத்திரி கழிந்ததும் நான் செய்த முதல் காரியம் அது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த இட்லியின் புகழைக் கேட்டே வளர்ந்தவன் நான். அப்பா அந்த வீட்டில் பிறந்தவர். கல்யாணத்துக்கு முன்பே தறியை விட்டுவிட்டுப் பினாங்கில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போனவர், பிறகு ஊர்ப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. முதலில் யுத்தம் குறுக்கே வந்தது, அப்புறம் கல்யாணம், அப்புறம் நாங்கள். அடுத்த வருஷம் போகலாம், அடுத்த வருஷம் போகலாம் என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்துப்போனது. ஊருக்குப் போகாத குறையை அவர் வாயால் தீர்த்துக்கொண்டார். நாங்கள் காயா என்கிற தேங்காய்ப்பால் ஜாம் தடவிய ரொட்டி தின்னும்போதும், சீனர் கடையில் மீ நூடுல்ஸ் வாங்கிச் சாப்பிடும்போதும், எங்கக்கா செய்யிற இட்லி இருக்கிறதே என்று ஆரம்பித்துவிடுவார். ஒருநாள் அம்மா, கழுவிக்கொண்டிருந்த மீனைக் கீழே வைத்துவிட்டு, அப்படியானால் கப்பலேறிப் போய் அங்கேயே சாப்பிடுங்களேன் என்று சொல்லிவிட்டாள். அப்பா போகவில்லை. என்னை அனுப்பினார். காஞ்சிபுரத்துக் காலேஜில் படித்துப் பட்டம் வாங்கு, அதைப் பார்க்க நான் வருகிறேன் என்றார்.

அந்த வாக்கை அவர் அத்தைக்கும் சொல்லி அனுப்பியிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அத்தை வீடு பிள்ளையார்பாளையத்தில் இருந்தது. முன்கட்டில் இரண்டு தறிகள். ஒன்றில் மாமா உட்கார்ந்து நெய்வார். இன்னொன்றின் பக்கத்தில் எனக்குப் பாய். பிள்ளைகள் கல்யாணமாகி வேறு தெருக்களுக்குப் போய்விட்டதால் வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். சைவர்கள். மீன் என்ற சொல்லைக்கூட அந்த வாசலுக்கு உள்ளே எடுக்கக் கூடாது. மூன்று வேளையும் மீன் இல்லாமல் சோறு இல்லை என்று வளர்ந்த எனக்கு, தட்டில் இருக்க வேண்டிய ஏதோ ஒன்று திருடுபோனது போலவே இருந்தது.

அத்தை சமையலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை முழுக்க என் நாக்கில்தான் இருந்தது. காராமணிக் குழம்பு, கீரை, மிளகு ரசம் எல்லாவற்றிலும் எனக்குப் பழக்கமான புளிப்பும் இனிப்பும் இருக்க வேண்டிய இடத்தில் காரமும் கசப்பும் இருந்தன. கேழ்வரகுக் கூழ் கொடுத்தாள். கையில் எடுத்தால் விழுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு தொங்கியது. கூட ஒரு சின்ன வெங்காயம், ஒரு மோர் மிளகாய். தெருவில் எல்லாரும் அதைச் சொம்பு சொம்பாகக் குடித்துவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டு தறிக்குப் போனார்கள். நான் இரண்டு வாய் குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.

வயிறு ஒத்துக்கொள்ளாமல் போனதும் பயம் வந்துவிட்டது. பயந்தவன் எதைத் தின்பான்? பஸ் ஸ்டாண்டில் பன்னும் வாழைப்பழமும் வாங்கித் தின்று வயிற்றை நிரப்பிக்கொண்டு, வீட்டுக்கு வந்து பசியில்லை என்பேன். சட்டை தோளில் தொளதொளவென்று தொங்க ஆரம்பித்தது. எதிர்வீட்டில் தெலுங்கு பேசும் ஒரு அம்மா இருந்தார். குரல் பெரிது, மனசு அதைவிடப் பெரிது. அவர்தான் முதலில் கேட்டார், பையனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா என்று. அவ்வளவுதான், தெருவுக்கே செய்தி போய்விட்டது. மலேயாப் பிள்ளைக்கு அத்தை வீட்டுச் சோறு இறங்கவில்லையாம்.

அத்தைக்கு முன்கோபம் அதிகம். கோபத்தை வாயால் காட்டமாட்டாள், பாத்திரத்தால் காட்டுவாள். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவும் சத்தத்துக்குத் தறிச் சத்தமே அடங்கிப்போனது.

பினாங்குக்கே திரும்பிவிடலாம் என்று முடிவு செய்தேன். முதலில் மாமாவிடம் சொன்னேன். அவர் காலை மிதிப்பலகையிலிருந்து எடுக்காமலே, "எங்கிட்ட சொல்லி இன்னாபா ஆவப்போவுது? உங்கத்தைகிட்ட சொல்லு. நான் தறியில இருக்கிறேன், எனக்கு ஒண்ணும் காதுல விழல" என்றார். நல்ல மனிதர். சண்டை வரும் என்று தெரிந்தால் அவருக்குக் காது அடைத்துக்கொள்ளும்.

அத்தை அப்போது நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். சொன்னதும் ராட்டினம் நின்றது. பாத்திரம் பறக்கும் என்று எதிர்பார்த்தேன். அவள் குரல் உயரவே இல்லை.

"உங்கப்பன் வரேன்னு சொல்லி இருக்கிறான், நீ படிப்ப முடிச்சா. இப்ப நீ போய்ட்டன்னா அவன் எதுக்குபா வரப்போறான்? சோறு ஒத்துக்கலன்னு புள்ளையே திரும்பி வந்துட்டான்னு அவனும் அங்கியே ஒக்காந்துக்கினு இருப்பான். நான் அவன் மூஞ்சியப் பாக்காமலே போய்ச் சேர்ந்துடுவேன்."

அவளுக்கு அப்பா ஒரே தம்பி. அம்மா இல்லாத வீட்டில் இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அவளே மறுபடி ராட்டினத்தைச் சுற்ற ஆரம்பித்தாள். வீட்டில் ஒரு கல்யாணச் சேலைக்கான பாவு தயாராகிக்கொண்டிருக்கிறது, அது தறி ஏறும் வரை மாமாவால் அசைய முடியாது, ஏறியதும் அவரே மெட்ராஸுக்குக் கூட்டிப்போய்க் கப்பல் ஏற்றிவிடுவார் என்று சொன்னாள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

பாவு என்பது சேலையில் நீளவாக்கில் ஓடும் நூல். அதைத் தறியில் ஏற்றுவதற்கு முன் விடியற்காலையில் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டுவார்கள். அக்கம்பக்கத்து வீட்டார் எல்லாரும் இரண்டு பக்கமும் நின்று, அரிசிக் கஞ்சியைத் தடவி, இழைகளைப் பிரித்து, அறுந்ததை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் காயவிட்டுச் சுருட்டிவிட வேண்டும். இன்றைக்கு என் வீட்டுப் பாவுக்கு நீ வந்தால் நாளைக்கு உன் வீட்டுப் பாவுக்கு நான் வருவேன். கஞ்சி காய்ச்சுவது மட்டும் அந்தந்த வீட்டுப் பெண்ணின் பொறுப்பு. இதெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. நான் அதுவரை எந்தப் பாவுக்கும் எழுந்திருந்ததில்லை.

எங்கள் வீட்டுப் பாவு இழுத்த அன்றைக்கும் எழுந்திருந்திருக்க மாட்டேன். முந்தின இரவு சரியாகச் சாப்பிடாததால் பசியில் விழித்துக்கொண்டேன். வெளியே பேச்சுக் குரல்கள் கேட்டன. வீட்டுக்குள் யாரும் இல்லை. சமையற்கட்டிலிருந்து ஒரு வாசனை வந்தது. அதில் மிளகு இல்லை, சுக்கு இல்லை, பெருங்காயம் இல்லை. வெந்த அரிசியின் வாசனை, அவ்வளவுதான். பினாங்கில் எங்கள் தெருமுனையில் ஒரு சீனக் கிழவர் தள்ளுவண்டியில் விற்கும் காலைக் கஞ்சியின் வாசனை. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

பெரிய பானை நிறையக் கஞ்சி. எனக்காகத்தான் அத்தை காய்ச்சி வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன், சத்தியமாக. ஊருக்குப் போகிற பிள்ளை, கடைசியாக அவன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிற ஒன்றைக் கொடுப்போம் என்று நினைத்திருப்பாள் என்று தோன்றியது. ஒருவனுக்கு இவ்வளவு பெரிய பானை எதற்கு என்று பசிக்கிறவன் யோசிப்பானா? ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். உப்பில்லை. உப்பு ஜாடியைத் திறந்து ஒரு கை கல்லுப்பை அள்ளிப் பானையிலேயே போட்டு, அகப்பையால் நன்றாகக் கலக்கினேன். பிறகு சம்மணமிட்டு உட்கார்ந்து, பித்தளைக் கிண்ணத்தில் மொண்டு மொண்டு குடித்தேன். அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அவ்வளவு ஆசையாக நான் எதையும் சாப்பிட்டதில்லை.

பானையை எடுத்துப்போக அத்தை வந்தாள். வாசலில் மாமா, "ஜல்தி கொண்டாம்மா, எல்லாரும் நின்னுக்கினு இருக்கிறாங்க" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். அத்தை பானையைப் பார்த்தாள். திறந்திருந்த உப்பு ஜாடியைப் பார்த்தாள். மூக்கில் கஞ்சி ஒட்டியிருந்த என்னைப் பார்த்தாள்.

"உப்பு போட்டியாபா?"

"போட்டேன், அத்தை."

உப்புப் பட்ட கஞ்சியைப் பாவுக்குத் தடவ முடியாது. உப்பு ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், பாவு காயாது, சேர்ந்து நெய்கிற ஜரிகையும் கறுத்துப்போகும். காஞ்சிபுரத்தில் நடக்கத் தெரிந்த குழந்தைக்குக்கூட இது தெரியும். ஒரு பானைக் கஞ்சியையும் நான் ஒரே கையில் பாழாக்கியிருந்தேன். வெளியே அரக்கு நிறப் பட்டுப் பாவு தெரு நீளத்துக்குக் காத்துக்கொண்டிருந்தது. கிழக்கு வெளுக்க ஆரம்பித்துவிட்டது. புதிதாக அரிசி போட்டுக் காய்ச்ச நேரமில்லை.

அத்தை என் எதிரில் குந்தி உட்கார்ந்தாள். வசவுக்குத் தயாராகக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"நல்லா இருந்துச்சா?" என்றாள்.

தலையை ஆட்டினேன். அவள் கிண்ணத்தை எடுத்து, பானையிலிருந்து இன்னொரு முறை மொண்டு, நிறைத்து என் கையில் கொடுத்தாள். பிறகு எழுந்து புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவுக்குப் போனாள்.

அங்கே அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. முதலில் ஒரு பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது. அது எதிர்வீட்டம்மா. அதன் பிறகு தெரு முழுக்கக் கதவுகள் திறந்தன. வேலைக்குப் போகிறவர்களுக்காக அந்நேரத்திலேயே எல்லா வீட்டிலும் உலை வைத்திருந்தார்கள். உப்புப் போடுவதற்கு முன் வடித்த கஞ்சியைச் சொம்பிலும் குண்டானிலும் தவலையிலும் தூக்கிக்கொண்டு பெண்கள் வந்தார்கள். எதிர்வீட்டம்மா தன் வீட்டுக் கஞ்சியைக் கெட்டியாக வேண்டுமென்று சோற்றையும் சேர்த்துக் கடைந்தே கொண்டுவந்தார். ஒவ்வொரு வீட்டுக் கஞ்சியும் ஒவ்வொரு பதம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, துணியில் வடிகட்டி, விளாவிச் சரிசெய்தார்கள். வெயில் ஏறுவதற்குள் பாவு காய்ந்துவிட்டது. ஓரத்தில் சில இழைகள் ஒட்டிக்கொண்டன. மாமா அவற்றைப் பிரித்து எடுக்க மத்தியானம் வரை கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயங்காலம் மட்டும், பாவுக்குப் போடுகிற கஞ்சியைப் பையனுக்குப் போட்டிருக்கிறோம், இனி பையன் விறைப்பாக நிற்பான் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

பாவு தறி ஏறியது. கப்பலைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை, நானும்தான்.

மறுநாளிலிருந்து எனக்கு நாஷ்டா கஞ்சிதான். முதல் சில நாள் வெறும் உப்பு. பிறகு ஒருநாள் அதில் இரண்டு சீரகம் மிதந்தது. இன்னொரு நாள் ஒரு துளி நெய். அப்புறம் கறிவேப்பிலை, அப்புறம் நுணுக்கிய மிளகு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு. நான் குடிப்பதை அத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே பாத்திரம் கழுவுவாள், சத்தமில்லாமல். நான் முகம் சுளித்தால் மறுநாள் ஒரு படி பின்னால் போவாள். சுளிக்காவிட்டால் ஒரு படி முன்னால் வருவாள். கஞ்சியில் ஒருநாள் கேழ்வரகு மாவு கரைந்து நிறம் மாறியது. அது கூழாக மாறிய நாள் எதுவென்று என்னால் சொல்ல முடியாது. எனக்கே தெரியாமல் நான் சொம்பில் கூழ் குடித்துவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டு சைக்கிளில் காலேஜுக்குப் போகிறவனாக ஆகியிருந்தேன்.

அடுத்த தைக்குள் அந்த மிளகு இட்லியும் என் இலைக்குத் திரும்பிவந்தது. முதலில் பாதி. நல்லெண்ணெயில் நனைத்துத் தின்றேன். வேகவைக்கும்போது அடியில் விரிக்கும் மந்தாரை இலையின் வாசனை அதில் ஏறியிருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இத்தனை நாள் சுக்கு நெடியை மட்டுமே முகர்ந்துகொண்டிருந்தேனே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. மீதிப் பாதியைக் கேட்டு வாங்கித் தின்றேன்.

தெருக்காரர்களும் என்னை விடவில்லை. யார் வீட்டுப் பாவானாலும், தடவுவதற்கு முன்னால் ஒரு கிண்ணம் கஞ்சியைத் தனியே எடுத்து உப்புப் போட்டு வைத்துவிடுவார்கள். மலேயாப் பிள்ளை எங்கே, அவன் பங்கைக் குடித்துவிட்டுப் பானையை விடட்டும் என்பார்கள். கேலிதான். ஆனால் அந்தக் கேலியோடு வந்த கிண்ணம் ஒருநாளும் அரைக் கிண்ணமாக இருந்ததில்லை. பதிலுக்கு நானும் பாவுக்குப் போய் நின்றேன். அறுந்த இழையை முடியக் கற்றுக்கொண்டேன், பார்க்கச் சகிக்காத முடிச்சுகள்தான். அந்தத் தெரு எனக்குப் போட்ட சோற்றுக்கு நான் என்ன செய்தாலும் ஈடாகாது. ஒருவனுடைய தவற்றைப் பொறுத்துக்கொண்டு ஒரு ஊர் சாப்பாடும் போட்டால், அந்த ஊரை விட்டு அவனால் எப்படிப் போக முடியும்? நான் போகவில்லை. படித்து முடித்தேன்.

அப்பா சொன்னபடி வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கிய மனிதரை அத்தைக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. அவருக்கும் அப்படித்தான். கருகருவென்ற தலையோடு பிரிந்தவர்கள் இருவரும் நரைத்த தலையோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அத்தை அவர் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள்.

மறுநாள் காலையில் இலை போட்டாள். அப்பா, மாமா, நான். அப்பா கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் பிள்ளைப் பருவம் முழுக்க அவர் பேசிப் பேசி வளர்த்த இட்லி அவர் இலையில் வந்து விழுந்தது. பெரியதாக ஒரு துண்டு விண்டு வாயில் போட்டார். மென்றார். மெல்வது நின்றது. கண்ணில் நீர் கோத்தது. விழுங்கத் தண்ணீர்ச் செம்பைத் தேடினார். எனக்கு அந்த முகம் தெரியும். நான் வந்த மறுநாள் காலை என் முகம் அதே இடத்தில் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். பினாங்கில் கழித்த வருஷங்கள் அவர் நாக்கையும் அங்கேயே வைத்துக்கொண்டுவிட்டன.

"கொஞ்சம் காரம் ஜாஸ்தியா இருக்குதுக்கா" என்றார், அடுத்த துண்டை விண்டுகொண்டே. விரல்தான் விண்டது, கை மேலே வரவில்லை.

எனக்கு அத்தையைப் பார்க்கப் பயமாக இருந்தது. இந்த ஒரு காலைக்காகத்தான் அவள் என்னை மூன்று வருஷம் பிடித்து வைத்திருந்தாள். அவள் முகம் சுண்டவில்லை. எழுந்து சமையற்கட்டுக்குப் போனாள். திரும்பிவந்தபோது கையில் அந்தப் பித்தளைக் கிண்ணம் இருந்தது. ஆவி பறக்கும் வெள்ளைக் கஞ்சி. தேவைப்படும் என்று தெரிந்து முன்னமே காய்ச்சி வைத்திருந்தாள்.

"நீ வந்தாலும் இப்படித்தான் முழிப்பேன்னு எனக்கு அன்னிக்கே தெரிஞ்சிபோச்சிடா. உம் புள்ளைய வெச்சித்தான் கத்துக்கினேன். குடி, உப்பு போட்டிருக்குது. இதுவும் நம்ம வூட்டுச் சோறுதான்."

அப்பா கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிக் குடித்தார். குடித்து முடித்த பிறகும் அதைக் கீழே வைக்கவில்லை, முகத்துக்கு நேராகவே பிடித்துக்கொண்டிருந்தார். அத்தை அதைப் பார்க்காதவள் போல, அவர் இலையில் கிடந்த இட்லியை எடுத்து என் இலையில் போட்டாள். நான் எண்ணெய் கேட்டு வாங்கி, ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் சாப்பிட்டேன்.